வெளிச்சத்துக்கு வளையும் தாள்

அண்ணன் தினகரன் மாத்திரையை விட்டு நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. கடையில் டெம்பர்ட் கிளாஸ் அடுக்கிய பெட்டிக்குப் பின்னால், பிரிக்காத அட்டைகளை எடுத்து எண்ணியபோதுதான் இளமதிக்கு அது தெரிந்தது. அம்மா கொடுத்தனுப்பிய நாஷ்டா டப்பா இடுப்பில் சுட்டது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் செல்போன் கடை. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஊர்க்காரப் பாஞ்சாலியின் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். பசையைப் பரப்பி, அதன்மேல் ஊதா விளக்கை வைத்தான். அந்த வெளிச்சம் பட்டால்தான் பசை இறுகும். அவ்வளவு வேலைக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. பிறந்ததிலிருந்தே அவன் உடம்பில் ரத்தம் ஊறாது. தலசீமியா. இருபத்தேழு வருஷமாக ஏற்றிக்கொண்ட ரத்தத்திலிருந்த இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக இதயத்தில் படிந்துவிட்டது. போன வாரம் ஸ்கேன் பார்த்த டாக்டர் இளமதியைத் தனியே கூப்பிட்டார். இரும்பை வெளியேற்ற இந்த மாத்திரைதான். விடாமல் சாப்பிட்டால் இதயம் தேறலாம். இல்லாவிட்டால் இந்த வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார்.

"இன்னா இளமதி, நெஞ்சுல ஒட்டுற தாளு எப்பத்தான் வரும்?" என்றாள் பாஞ்சாலி. "வந்தா எம் முட்டிக்கும் ஒரு துண்டு கிழிச்சுக் குடு. மாடு கறக்கக் குந்த முடில."

"மொதல்ல எனக்கு. அப்பாலதான் உம் முட்டி. வரிசைல நில்லு யக்கா," என்றான் அண்ணன்.

அவள் சிரித்தபடி போனை வாங்கிக்கொண்டு போனாள்.

"ண்ணா, இத்த ஏன் பிரிக்கவே இல்ல?"

அட்டைகளைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வவுறு எரியுது இளா. குடலே வெளிய வந்துடும் போல கீது. இன்னும் கொஞ்ச நாளுதான? அந்தத் தாளுதான் நீ பண்ணிக்கினு கீறியே."

முருகன் படத்தின் சட்டத்தில் செருகியிருந்த மஞ்சள் நிறத் தாள் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். நகத்தளவு அகலம். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் லேபிலிருந்து அவள் கொண்டுவந்தது. அன்று ஊதா விளக்கடியில் அது தானாகச் சுருண்டது. விளக்கை எடுத்ததும் நிமிர்ந்தது. "இதயமும் இப்டித்தான சுருங்கி விரியுது?" என்று அண்ணன் கேட்டான். இளமதிக்குப் பேச்சு எப்போதும் தாமதமாகத்தான் வரும். அவள் வாய் திறப்பதற்குள் அம்மா அழத் தொடங்கியிருந்தாள். சந்தோஷ அழுகை. அன்று ராத்திரி அம்மா மறுசோறு போட்டுச் சாப்பிட்டாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இளமதி படுத்துக்கொண்டாள். காலையில், இளமதி அண்ணன் நெஞ்சுக்குத் தாள் செய்கிறாள் என்று அவர்கள் ஊர் மானாம்பதி முழுக்கப் பேச்சாகியிருந்தது. அப்புறம் யாரிடம் போய் எப்படிச் சொல்வது?

அண்ணன் விளக்கைப் பிடித்தான். துண்டு சுருண்டது. விளக்கை அணைத்தான். அது பாதிதான் நிமிர்ந்தது. எத்தனையோ பேருக்குக் காட்டிக் காட்டி அது களைத்துவிட்டிருந்தது.

"பயசாப் பூட்ச்சு. புச்சு ஒண்ணு எட்தாந்து குடு," என்றான். பிறகு மெதுவாக, "நெசமாச் சொல்லு இளா, இன்னும் எத்தினி மாசம்? அம்மாக்காண்டியாவது ஒரு ரெண்டு வருசம் இயுத்துப் புட்ச்சுக்கினு கீறேன்."

ஒரு அட்டையைப் பிரித்து மாத்திரையை உள்ளங்கையில் தள்ளினாள்.

"அந்தத் தாளு நெஞ்சுக்கு இல்லண்ணா."

பஸ் ஹாரனில் குரல் அமுங்கிப்போயிற்று. "இன்னா?" என்று அவன் காதைச் சாய்த்தான். மாத்திரையை அவன் முன்னால் நீட்டி, கடைக்கு வெளியிலும் கேட்கும்படி சொன்னாள்.

"நெஞ்சுக்கு இல்ல. சோலார் பலகை மேல தூசு படியாம உதறிவுட. மொதல்லேர்ந்தே அதுக்குத்தான் பண்றோம்."

அவன் விரல் விளக்கின் பொத்தான் மேலேயே இருந்தது. மேஜையில் அந்தத் துண்டு, பாதி வளைந்தபடி.