ஐந்து லிட்டர் கேன்

கர்நாடகத்தில் டீசல் விலை குறைவு. அதனால் எல்லை தாண்டும் ஓசூர் வண்டிகள் அங்கேயே டீசல் போட்டுக்கொண்டு திரும்பும். என் வேனும் அப்படித்தான். ஆனால் எல்லையை ஒட்டிய ஒரு பெட்ரோல் பங்க்கில் போட்ட டீசல் மட்டும் இரண்டு வாரமாக ஒரு நாள் முன்னதாகவே தீர்ந்தது. முழுத் தொகைக்குப் போட்டால்தான் ஏமாற்றுவார்கள் என்று எல்லோரும் சொல்வதால், இரண்டாயிரம் ரூபாய்க்குப் பதில் இரண்டாயிரத்துப் பத்துக்குப் போட்டுப் பார்த்தேன். பலனில்லை.

இன்று கர்நாடகத்து ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்த பெண்களை ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்கு ஏற்றி வரும்போது வேனை அந்தப் பங்க்கிலேயே நிறுத்தினேன்.

"மொதல்ல கவர்மென்ட் முத்திரை போட்ட அஞ்சு லிட்டர் அளவு கேன்ல புடிச்சு காட்டு."

பங்க்காரன் சிரித்தான். "கேன் ரூம்ல இருக்குது. சாவி ஓனர்கிட்ட."

"ஓனர் வரட்டும்."

என்ஜினை அணைத்துச் சாவியை இடுப்பில் செருகினேன். பின்னால் ஐந்து லாரிகள் ஹாரன் அடித்தன.

"மாதேஸ்வரிக்கா, கத்தறாங்க. போயிரலாம்க்கா" என்றாள் வேனிலிருந்து வினோதா.

"கத்தட்டும். நீ எறங்கி நில்லு."

எல்லாப் பெண்களும் இறங்கி என்னோடு நின்றார்கள்.

கால் மணி நேரத்தில் ஓனர் சாவியைக் கொடுத்தனுப்ப, கேன் வந்தது. மெஷினில் ஐந்து லிட்டர் ஓடி நின்றது. கேனின் கழுத்துக் கண்ணாடியில் டீசல் ஐந்து லிட்டர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

பங்க்காரன் குரல் தாழ்ந்தது. "அக்கா, உங்களுக்கு மட்டும் சேத்துப் போட்டுடறேன்."

"எனக்கு மட்டும் எதுக்குடா?"

கேனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முதல் லாரியின் முன்னால் போய் நின்றேன். டிரைவர் எட்டிப் பார்த்தார். பின்னால் நின்றவர்களுக்குத் திரும்பிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். ஹாரன் சத்தம் அடங்கியது.

கடைசி லாரிதான் முதலில் ரிவர்ஸ் எடுத்தது.