உள்ளே ஏறும் சூடு

மெத்தைக்கான முதல் நுரைக்கட்டி அச்சுச் சுவரைத் தாண்டி வழக்கத்தைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றபோது பட்டறையே விசிலடித்தது. கலவை இயந்திரத்தை ஓட்டுகிறவள் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

காலையில் பீப்பாய் ஒன்று காலியாகும் நிலைக்கு வந்திருந்தது. கொதித்து ஆவியாகிக் குமிழிகளை ஊதிவிட்டு, சூட்டையும் தன்னோடு கொண்டுபோகிற திரவம் அதில் இருந்தது. சொன்னால் வேலை நின்றுவிடும். முதலாளி எல்லார் முன்னாலும் கத்துவார். அவள் வாயைத் திறக்காமல் அதற்கு ஈடாகக் கலவையில் தண்ணீரைக் கூட்டி விட்டாள். தண்ணீரும் வாயு தரும். கூடவே சூட்டையும் தரும். அதை வெளியே கொண்டுபோகத்தான் எதுவும் இருக்காது.

கலவை பால்போல் வெளுத்தது. ஊசிமுனை அளவுக் குமிழிகள் வீங்கி, ஒன்றையொன்று நெருக்கி, சுவர் மெலிய மெலிய வளர்ந்தன. உச்சியில் சில வெடித்து ஆவி விட்டன. கட்டி அடங்கியது. தொட்டால் வெதுவெதுப்புதான். அத்தனை குமிழிகளையும் போர்த்திக்கொண்டு அதன் நடு மட்டும் வெந்துகொண்டிருந்தது.

மதியமே மெத்தைக் கடை வண்டி வந்துவிட்டது. அவளுடைய அண்ணன் அந்தக் கட்டியை அறுப்பு மேசையில் ஏற்றினான்.

“நாளைக்குத்தானே அண்ணா அறுக்கணும்?”

“ஒண்ணே ஒண்ணுதாம்மா. கடைக்காரர் வாசல்லயே உக்காந்துட்டாரு.”

அவள் வெப்பமானிக் கம்பியைக் கட்டிக்குள் செருகினாள். நூற்று அறுபத்திரண்டு டிகிரி. இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து நூற்று அறுபத்தொன்பது. பால் அடிப்பிடிக்கப் போகும்போது வருகிற வாசம் லேசாக வந்தது.

“சூடு ஏறுது அண்ணா.”

“நீ ஃபோட்டோ எடுக்க நிக்கச் சொன்னாலே அழுறவ. உன் பேச்சைக் கேட்டா கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்.”

முதலாளி திரும்பினார். “என்னம்மா முணுமுணுக்குற? சத்தமா சொல்லு.”

அண்ணனின் விரல் சுவிட்சுக்குப் போனது. அவன் முகம் கட்டிக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

“வெட்டாத! நான்தான் தண்ணியைக் கூட்டி விட்டேன். உள்ள காத்து போனா பத்திக்கும். உன் மூஞ்சியிலதான் அடிக்கும்.”

இவ்வளவு சத்தம் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. அண்ணன் கையை எடுத்தான். நாலு பேர் சேர்ந்து கட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து வெட்டவெளிக்குத் தள்ளிப் போனார்கள்.

முதலாளி கத்தவில்லை.

“எத்தனை கட்டிக்கு இப்படி விட்ட?”

“காலைலேர்ந்து... எல்லாத்துக்கும்.”

அன்று வார்த்த மற்ற பத்துக் கட்டிகளும் பின்பக்கக் கிடங்கில் இருந்தன. இடம் போதாமல் இடைவெளியின்றி அடுக்கி, கதவைச் சாத்தியிருந்தார்கள்.

அண்ணன் அங்கே ஓடினான். இரும்புத் தாழ்ப்பாளைப் பிடித்தவன் சுரீரென்று கையை உதறினான். உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

“இப்ப என்ன பண்ணணும்? சொல்லு.”

“கதவைத் திறக்காத,” என்றாள். “எல்லாரையும் வெளிய அனுப்பு. தீயணைப்புக்கு ஃபோன் போடு.”