துணி கையில இருக்கு

உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கிறவர்களுக்கு நடுவழியில் என்னதான் ஆகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாறையை விட்டுக் காலை எடுத்தாயிற்று, தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் ஆள் என்ன நினைக்கிறான்? நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்ல ஒருவருக்கும் துப்பில்லை.

"வயிறு மேலயே நின்னுடும் மைதிலி. நாம மட்டும் கீழ போயிடுவோம். அப்புறமா அது வந்து சேந்துக்கும்" என்றான் யூசுப். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு ஹைதராபாத் வந்து மல்காஜ்கிரியில் தங்கிவிட்ட குடும்பம் அவனுடையது. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறான். அவன் தமிழில் ஹைதராபாத் உருது கலந்து வரும்: யாரோ என்றால் நண்பர்களே, ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம்.

இளங்கோவன் திருநெல்வேலிக்காரன், பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். "ஒண்ணும் இருக்காது. மேனேஜர் லீவுல போன மாதிரி இருக்கும்" என்று அவன் முடித்துக்கொண்டான்.

சுபாஸ்ரீ பதிலே சொல்லவில்லை. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் நானும் அவளும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஆபீசும் ஒன்றுதான். அவள் மாமியார் ஆகப்போகிறவர் போனில் இருமினால்கூட எனக்குச் செய்தி வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

நாங்கள் நால்வரும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போவது வெளிவட்டச் சாலையைத் தாண்டியுள்ள ஒரு கல்குவாரிக்கு. கல் எடுப்பதை நிறுத்திப் பல வருஷமாகி, மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். குதிக்க உயரமாக ஒரு மேல்பாறை, தாழ்வாக ஒரு கீழ்ப்பாறை. உள்ளே இறங்காதே என்று தெலுங்கில் ஒரு போர்டு உண்டு. எங்களில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவன் யூசுப் மட்டும்தான். அதை எங்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

நான் குதிப்பதில்லை. துண்டுகளுக்கும் செல்போன்களுக்கும் காவல் இருப்பேன், கேள்வி கேட்பேன். மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சரியாக ஓடுகிறது என்று ஊரே சத்தியம் செய்கிற ஒன்றை ஓடவில்லை என்று நிரூபித்தால் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி ஞாயிற்றுக்கிழமை லீவு எடுப்பதில்லை.

எங்கள் கூட்டத்துக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது இளங்கோவன் போட்டது. ஜிம்மில் தூக்கும் இரும்புத் தட்டு ஒன்றை நைலான் கயிற்றில் கட்டி வைத்திருந்தான். மேல்பாறை விளிம்பில் நின்று அதைத் தண்ணீருக்குள் இறக்குவான். தட்டு அடியில் போய் உட்கார்ந்ததும் கயிறு தளரும். கயிற்றில் ஓர் இடத்தில் சிவப்புத் துணி முடிந்திருக்கும். முதல் நாள் சுபாஸ்ரீ உள்ளே முங்கிப் பார்த்து, ஆழம் போதும், கீழே முண்டும் முடிச்சும் இல்லை என்று சொன்னபோது முடிந்த துணி அது. ஒவ்வொரு தடவையும் துணி அவன் கைக்கு வந்துவிட்டால் ஆழம் மாறவில்லை என்று அர்த்தம். "துணி கைல இருக்கு" என்பான். கோயில் மணி அடித்த மாதிரி எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும்.

இரண்டாவது சட்டம் சுபாஸ்ரீயுடையது. விளிம்பில் விரல் வைத்து நிற்பவரிடம் யாரும் பேசக் கூடாது. அவள் கல்லூரி வரைக்கும் சென்னையில் டைவிங் போட்டிகளில் கலந்துகொண்டவள். பத்து மீட்டர் மேடையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து மெடல் வாங்கியிருக்கிறாள். ஒரு நாள் கணக்குத் தப்பி முதுகு தண்ணீரில் அறைந்தது. முதுகு சரியாகிவிட்டது. ஆனால் அதன் பிறகு அவள் தலைகீழாகப் பாயவேயில்லை. குவாரியிலும் மற்றவர்களைப் போலக் கால் முதலில் போக நேராகத்தான் குதிப்பாள். விளிம்பில் நின்ற அவளிடம் நான் ஒரு தடவை, "இப்ப என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. தோசையை மட்டும் தட்டில் போட்டாள்.

நடுவில் ஆபீஸ் வேலையும் உகாதியுமாகப் பல வாரம் குவாரிப் பக்கம் போக முடியவில்லை. சித்திரை வெயில் உச்சிக்கு வந்த ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த சுபாஸ்ரீ தலை நிமிராமலே சொன்னாள்.

"நாளைக்கு மேல்பாறையிலேர்ந்து தலைகீழா டைவ் பண்ணப் போறேன்."

"நெஜமாவா?"

"நாளைக்கு முடியலைன்னா இதோட விட்டுடறேன் மைதிலி. திரும்ப நின்னு நின்னு ஏமாந்து போறது எனக்கு வேணாம். அந்த டைவிங் டிரெஸ்ஸையே தூக்கிப் போட்டுடுவேன்."

விளையாட்டுக்குச் சொல்பவள் இல்லை அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வழியெல்லாம் எங்கள் காருக்கு முன்னால் தண்ணீர் டேங்கர் லாரிகள். கோடை வந்தால் ஹைதராபாத்தில் மனிதரைவிட டேங்கருக்கு மரியாதை அதிகம். சந்து கிடைக்காமல் இளங்கோவன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். சுபாஸ்ரீ பின் ஸீட்டில் கண்ணை மூடி, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

குவாரியில் யூசுப்புக்குப் பொறுமை கிடையாது. போனதும் சட்டையைக் கழற்றிவிட்டு, பக்கத்திலிருந்த கீழ்ப்பாறையிலிருந்து குதித்தான். அதற்கு நேர் கீழேதான் குவாரியின் ஆழமான பள்ளம். தலை வெளியே வந்ததும், "யாரோ, இன்னிக்கு செம. ரொம்ப நேரம் காத்துலயே இருந்தேன்" என்று கத்தினான். பழைய காலத்தில் கல் லாரிகள் இறங்கிய சரிவுப் பாதை வழியாக ஏறி வந்து என் பக்கத்தில் நின்று தலையைத் துவட்டினான்.

"ரொம்ப நேரம்னா? எப்பவும் விட அதிகமாவா?"

"ஹவ். வயிறு வர்றதுக்கே லேட்டாயிடுச்சு."

"ஏன்?"

"கைக்கு இவ்ளோ கேள்வி? நல்லா இருந்துச்சு, அவ்ளோதான்."

அதற்குள் மேல்பாறையில் இளங்கோவன் கயிற்றை இறக்கிவிட்டான். கயிறு தளர்ந்தது. சிவப்புத் துணி ஒரு நூல் பிசகாமல் அவன் பிடிக்கு வந்தது. "துணி கைல இருக்கு" என்று அறிவித்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டினான். சுபாஸ்ரீ விளிம்புக்குப் போனாள். விரல்களைப் பாறையின் ஓரத்தில் பதித்தாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

எனக்கு யூசுப்பின் காலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முழங்கால் வரை கருஞ்சேறு. எத்தனையோ வாரம் அந்தப் பாதையில் ஏறி வந்திருக்கிறான், காலில் தண்ணீர்தான் சொட்டும். சரிவுப் பாதையை எட்டிப் பார்த்தேன். சரளைக் கல் முடிகிற இடத்தில் எப்போதும் தண்ணீர் தொடங்கும். இப்போது சரளைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு பஸ் நிற்கும் அளவுக்குப் பளபளவென்று சேறு. எதிர்க்கரையில் புதர்களுக்குள் தடித்த ரப்பர் குழாய் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

வழியில் பார்த்த டேங்கர்கள் எங்கே நிரம்பின என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை. செங்குத்தான கறுத்த பாறை, அடியில் பச்சைத் தண்ணீர். கிணற்றை எட்டிப் பார்க்கிறவனுக்குத் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? யூசுப் காற்றில் அதிக நேரம் இருந்திருக்கிறான் என்றால் தண்ணீர் அவ்வளவு கீழே போயிருக்கிறது.

ஆனால் துணி எப்படி அதே இடத்தில் வந்தது?

சுபாஸ்ரீ கைகளைத் தலைக்கு மேல் தூக்கினாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவள் விடப்போவது தலையை. கயிறு, தட்டு, துணி என்று என் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்து சட்டென்று ஒரு இடத்தில் நின்றது. சட்டமாவது மண்ணாவது.

"சுபா, நில்லு."

அவள் பாயவில்லை. விளிம்பிலிருந்து பின்னால் வந்து கையை இறக்கினாள். என் பக்கம் திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"ஒனக்கு அறிவிருக்கா? எத்தன வருஷம் கழிச்சு நிக்கறேன்னு தெரியுமில்ல? இன்னிக்கும் ஒனக்கு சந்தேகம் கேக்கணுமா?"

"தண்ணி இறங்கிருக்கு சுபா. யூசுப் காலப் பாரு."

"இப்பதான அளந்தேன்?" என்று இளங்கோவன் குறுக்கே வந்தான். "துணி அதே இடத்துலதான வந்துருக்கு. நீ என்னத்தச் சொல்லுத?"

"அதேதான் நானும் சொல்றேன். எப்பவும் அதே இடத்துலதான் வரும். நீ இந்தப் பாறையிலேர்ந்து அடிப்பாறைக்குக் கயிறு விடற. பாறை எங்கயாவது நகருமா? நடுவுல தண்ணி இருக்கா இல்லையான்னு அந்தக் கயித்துக்கு என்ன தெரியும்? குழி பூராவும் காஞ்சு கெடந்தாலும் துணி ஒன் கைலதான் இருக்கும்."

இளங்கோவன் சுருட்டிய கயிற்றைத் தூக்கிக் காட்ட வந்தான். கையிலிருந்த துணியைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். கயிற்றைக் கீழே போட்டான்.

ஒரு இன்ஜினியர், ஒரு விளையாட்டு ஆசிரியர், கம்ப்யூட்டர் படித்த இரண்டு பேர். இத்தனை வாரம் அந்தத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக நம்பியிருக்கிறோம். எப்போதும் சரி என்றே சொல்லும் சோதனை சோதனையே இல்லை என்று ஆபீசில் புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். என் கண் முன்னாலேயே அது நடந்திருக்கிறது, நான் துண்டு மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

யூசுப் சரிவுப் பாதையில் இறங்கினான். சேற்றில் வழுக்கிக்கொண்டே போய்த் தண்ணீருக்குள் நீந்தி, மேல்பாறைக்கு நேர் கீழே, சுபாஸ்ரீ வந்து விழவேண்டிய இடத்துக்கு வந்தான். எங்களை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். வலது கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்தி, மெல்ல உள்ளே இறங்கினான். அவன் தலை மறைந்தது. முழங்கை மறைந்தது. அதற்கு மேல் அவன் இறங்கவில்லை.

அவனுடைய மணிக்கட்டும் விரல்களும் தண்ணீருக்கு வெளியே நின்றன. அடியில் கால் ஊன்றி நிற்கிறான் என்று விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதல் நாள் அந்த இடத்தில் அடியைத் தொட்டு வர சுபாஸ்ரீக்கே மூச்சு முட்டியிருந்தது. இப்போது அங்கே ஒரு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கை. மேல்பாறையோ ஒரு மாடி வீட்டைவிட உயரம்.

இளங்கோவன் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். "நான்லா அளந்தேன். நான்லா சரின்னு சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சுபாஸ்ரீ அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவள் முகத்தில் சிவப்பு போய்ச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. அதன் பிறகு யாரும் குதிக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு இரானி டீக்கடையில் நிறுத்தினோம். அதற்குள் எல்லோருக்கும் உயிர் வந்திருந்தது, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது. "மைதிலி வாய்தான் இன்னிக்கு சுபாவைக் காப்பாத்துச்சு. இனிமே அவ எவ்ளோ கேட்டாலும் நக்கோன்னு சொல்லக் கூடாது" என்று யூசுப் தீர்ப்பு சொன்னான். மதியம் பிரியாணி தன் செலவு என்றான் இளங்கோவன். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேற்றைக் கவனித்தது, குழாயைக் கண்டது, கயிற்றின் ஓட்டையைப் பிடித்தது என்று முதலிலிருந்து இன்னொரு தடவை விளக்கினேன். திங்கட்கிழமை ஆபீசில் எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்தாயிற்று.

மற்ற இருவரும் இன்னொரு டீ வாங்க உள்ளே போனார்கள். சுபாஸ்ரீ ஓரமாகக் காரில் சாய்ந்து நின்றிருந்தாள். உஸ்மானியா பிஸ்கட் அவள் கையிலேயே நமத்துப்போயிருந்தது.

"ஒண்ணு சொல்றேன். அவங்ககிட்ட சொல்லாத" என்றாள்.

"சொல்லு."

"நீ கூப்பிட்டதால நான் நிக்கல."

எனக்குப் புரியவில்லை. "நான் நில்லுன்னதும்தான பின்னால வந்த?"

"நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே என் குதிகால் பின்னால வந்துடுச்சு. கையத் தூக்கினதும் பயந்துட்டேன் மைதிலி. அப்பதான் நீ நில்லுன்ன. எனக்கு நல்ல சாக்கு கெடச்சுது, ஒன்னத் திட்டிட்டேன்."

எனக்கு என்ன செய்தாலும் கேள்வி நிற்காது. அந்த நேரத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவள் கையைத் தூக்கியபோது நான் இன்னும் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கைகளைத் தூக்கினால் உடனே பாய்ந்துவிடுவாள், பழைய பழக்கம் அது. அவள் பயப்படாமல் இருந்திருந்தால், நான் கண்டுபிடித்து முடித்து வாயைத் திறக்கும்போது அவள் காற்றில் இருந்திருப்பாள். என் குரல் வெறும் பாறைக்குத்தான் கேட்டிருக்கும்.

டீக் கிளாஸை கார் மேல் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"முடியலைன்னா விட்டுடறேன்னு சொன்னேன்ல. முடியல" என்றாள் அவள். "அந்தப் பயம் மட்டும் இல்லாம இருந்தா..."

"போடி லூசு" என்றேன். "அந்தப் பயம் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். அடுத்த வாரம் நல்ல தண்ணியா வேற இடம் பாப்போம். அதையும் கூட்டிட்டு வா."