சாரதாவின் பெட்டியில் எதை வைப்பது?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் கதையாக எழுத உட்காரவே இல்லை. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு ஷ்யாமளா போன் பண்ணினார்.

"அங்கிள், போன வருஷம் நீங்க எழுதினது ரொம்ப சோகமா இருந்துச்சுன்னு நாலு பேர் கம்ப்ளைன்ட் பண்ணாங்க. இந்தத் தடவை யூஸ்ஃபுல்லா ஏதாவது எழுதுங்களேன். வேலைக்கும் ட்ராவலுக்கும் டேப்லெட் நல்லதா லேப்டாப் நல்லதான்னு. நீங்க ஐ.டி.தானே?"

இருபத்தாறு வருஷம் ஐ.டி.யில் குப்பை கொட்டியவனிடம் வேறு என்னதான் கேட்பார்கள்? சரி என்றேன். (யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு வீட்டுக்கு வந்து புலம்புவது நியூ ஜெர்சித் தமிழர்களின் பொது வியாதி. எனக்கு அது முற்றிய நிலையில் இருக்கிறது.) உட்கார்ந்து எழுதினேன்:

"டேப்லெட் எடை குறைவு. விமானத்தில் முன் சீட்டுக்காரர் சாய்ந்தாலும் சமாளிக்கலாம். லேப்டாப்பில் முழு கீபோர்டு, பெரிய திரை, ஒழுங்கான எக்ஸெல் உண்டு. எனவே பயணத்தின்போது வேலை செய்தே ஆக வேண்டியவர்கள்—"

இங்கே நின்றுவிட்டது. பயணத்தின்போது ஏன் ஐயா வேலை செய்தே ஆக வேண்டும்? இந்தக் கேள்வி வந்ததுமே கட்டுரை படுத்துவிட்டது. அது காலி பண்ணிய நாற்காலியில் சாரதா வந்து உட்கார்ந்துகொண்டாள்.

2

எங்கே ஆரம்பிப்பது?

முதல் முயற்சி: "ரூட் பதினெட்டில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சாரதா நாற்பது நிமிஷமாக நின்றுகொண்டிருந்தாள்." வேண்டாம். கடைக்காரன் எனக்குக் கமிஷன் கொடுத்த மாதிரி இருக்கிறது.

இரண்டாவது முயற்சி: "ஈஸ்ட் பிரன்ஸ்விக்கின் மேப்பிள் மரங்கள் மீது மாலை வெயில் பொன்னாகப் பொழிய, அவள் உள்ளத்தில்—" கடவுளே, எனக்கே தாங்கவில்லை. விடுங்கள்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் சேனாபதி ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து வைத்திருந்தார். சேனாபதி சாரதாவின் வீட்டுக்காரர். டோஸ்டர் வாங்குவதற்குப் பதினொரு மாடல்களை ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் வாங்காமலே விட்டவர். சனிக்கிழமை சாரதா மட்டும் ஊருக்குக் கிளம்புகிறாள். பொள்ளாச்சியில் தங்கை வான்மதிக்குக் கல்யாணம். பெண் வெண்பாவுக்கு ஸ்கூல் திறந்துவிட்டதால் அப்பாவும் மகளும் இங்கேயே இருக்கிறார்கள்.

"இங்க பாரு சாரதா. முப்பத்திரண்டு ரோ போட்டிருக்கேன். அஞ்சுக்கு டேப்லெட் மூணு புள்ளி எட்டு, லேப்டாப் மூணு புள்ளி ஏழு. ரொம்ப க்ளோஸ்."

"என்னங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எதை எடுத்துட்டுப் போனா நான் கல்யாணத்துல இருப்பேன்?"

சேனாபதி முப்பத்திரண்டு ரோவையும் மேலிருந்து கீழே பார்த்தார். அதற்கு ரோ இல்லை.

ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த வெண்பா திரும்பாமலே சொன்னாள்: "மாம், யூ வில் வொர்க் ஆன் எனிதிங். யூ வுட் வொர்க் ஆன் த மைக்ரோவேவ்."

பதினான்கு வயசு. தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். வந்தால் இப்படித்தான் வரும்.

3

சாரதா ஏன் அப்படிக் கேட்டாள் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. மர்மம் வைத்து எழுதுகிற திறமை எனக்குக் கிடையாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தம்பி அகிலனின் கல்யாணம். சாரதா ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்; புது மருந்துகளைப் பரிசோதிக்கும்போது சேரும் கணக்குகளை அலசப் புரோகிராம் எழுதுவது அவள் தொழில். அந்தக் கல்யாணத்துக்கும் ஆபீஸ் லேப்டாப்போடுதான் போனாள். காலை ஆறரைக்கு ஒரு கால். "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று பட்டுப்புடவையோடு மண்டபத்துக் காய்கறி ரூமுக்குள் நுழைந்தாள். அங்கேதான் சிக்னல் கிடைத்தது. வாழை இலைக் கட்டின் மேல் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே பேசினாள். திடீரென்று வெளியே கெட்டி மேளம். லைனில் இருந்த அமெரிக்கர் ஒருவர் பதறிப்போய், "சாரதா, ஃபயர் அலாரமா? வெளியே போயிடுங்க!" என்றாராம்.

அவர் சொன்னதையாவது கேட்டிருக்கலாம்.

ஓடி வந்து பார்த்தபோது மூன்றாவது முடிச்சைச் சித்தப்பா பெண் போட்டு முடித்திருந்தாள். (மலரைப் படிக்கும் பிள்ளைகளுக்காக: அந்த முடிச்சைப் போடுவது மாப்பிள்ளையின் அக்கா தங்கச்சியின் உரிமை. அதை ரீஷெட்யூல் பண்ண முடியாது.) யாரும் அவளைத் திட்டவில்லை. "பாவம், வேலை" என்றார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று சாரதாவுக்கு இன்று வரை இருக்கிறது. ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்தால் வேகமாகப் புரட்டிவிடுவாள்.

4

இந்த மாதிரிக் கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று மேனேஜர் ரஞ்சித்குமாரைக் கொண்டு வந்தேன். "ரஞ்சித்குமார் கண்களைச் சுருக்கிக்கொண்டு ஏளனமாக—" என்று தொடங்கிப் பார்த்தேன். மனுஷன் ஏளனத்துக்கு ஒத்துழைக்கவே மாட்டேன் என்கிறார். கரூர்க்காரர். டீமில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வாங்கி வருவார். சாரதா லீவு கேட்டபோது அவர் முகமெல்லாம் பல்.

"அடடா, வான்மதிக்குக் கல்யாணமா! சூப்பர்ங்க. ஃபேமிலி ஃபர்ஸ்ட். நல்லா என்ஜாய் பண்ணுங்க. அந்த வாரம் புதன்கிழமை இந்தியா டீமோட ஆஃப்ஷோர் கால் மட்டும் ஜாயின் பண்ணிடுங்க, அரை மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை கவர்ன்மென்ட்டுக்கு மருந்து ரிப்போர்ட் சப்மிஷன் இருக்கே. இங்க நைட் ஒன்பதுன்னா ஊர்ல வியாழக்கிழமை காலைல ஆறரைதானே? உங்களுக்கும் வசதி."

வியாழக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை வரை முகூர்த்தம். அவர் அதைக் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. "ஷ்யூர்" என்றாள்.

ஏன் சொல்லவில்லை? இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான வரி புரோகிராமில் ஒரு கமா தப்பினால் கண்டுபிடிக்கிறவள், ஒரு வாக்கியம் சொல்ல மாட்டாளா? எழுதுவதை நிறுத்திவிட்டு அவளிடமே கேட்டேன்.

"அங்கிள், கேட்டா அவர் கண்டிப்பா அந்தக் காலுக்கும் லீவு குடுப்பார். அதுதான் பிரச்சினை. குடுத்துட்டு, 'பரவால்லைங்க, நாங்க பாத்துக்கறோம்'பார். நான் இல்லாமலே பாத்துக்கிட்டாங்கன்னா?"

நான் அடுத்த பாகத்துக்கு நகர்ந்துவிட்டேன்.

5

புதன்கிழமை சாயங்காலம், கோயில் கேன்டீன். சாரதா சாம்பார் சாதத் தட்டோடு உட்கார்ந்ததும் எதிரே சிவராமகிருஷ்ணன் அங்கிள் வந்து உட்கார்ந்தார். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் யார், எந்த ஃப்ளைட், எத்தனை பெட்டி என்பதெல்லாம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"சாரதாம்மா, ஒரு சின்ன ஹெல்ப். என் மச்சினன் பையன் கோயம்புத்தூர்ல காலேஜ் சேர்ந்திருக்கான். அவனுக்கு ஒரு லேப்டாப். பாக்ஸெல்லாம் கிடையாது, நானே பிரிச்சு, ஸ்டிக்கரை உரிச்சு, பாஸ்வேர்ட் போட்டுப் பழசு மாதிரி ஆக்கித் தரேன். உன் ஹேண்ட்பேக்ல ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

முடியாது என்று எப்படிச் சொல்வது? போன வருஷம் சாரதாவின் அம்மா கொடுத்தனுப்பிய மூன்று கிலோ பருப்புப் பொடியையும், தைத்து வாங்கிய ஏழு ரவிக்கைகளையும் தன் பெட்டியில் சுமந்துகொண்டு வந்தவர் ஆயிற்றே! "அதுக்கென்ன அங்கிள், குடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சேனாபதி குதித்தார். "ஒரு ஆளுக்கு ஒரு லேப்டாப்புக்குத்தான் டூட்டி கிடையாது! உன் ஆபீஸ் லேப்டாப்பும் இருந்தா ரெண்டாச்சு. கஸ்டம்ஸ்ல நிறுத்தினா என்ன சொல்லுவ? உன்னை யாரு உடனே சரின்னு சொல்லச் சொன்னது?"

சாரதாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் மெதுவாக ஒன்று புரிந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துட்டுப் போகவே முடியாது, இல்லீங்களா?"

"முடியாது."

"ஐயோ பாவம் நான்! ஒரு டேப்லெட்டை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன வேலை பண்றது!"

இத்தனை வருஷத்தில் தன் மனைவி இவ்வளவு சந்தோஷமாக வருத்தப்பட்டு சேனாபதி பார்த்ததில்லை. 'சட்டத்துக்கு உட்பட்டது' என்று முப்பத்து மூன்றாவது ரோவைச் சேர்த்து, அதற்கு மட்டும் பத்து மடங்கு வெயிட் கொடுத்தார். டேப்லெட் நாலு புள்ளி ஒன்றுக்கு ஏறியது.

6

இத்தோடு கதையை முடித்திருக்க வேண்டும். கட்டுரைக்கும் பதில் கிடைத்துவிட்டது: ஊருக்குப் போகிறீர்களா, டேப்லெட் எடுங்கள், தப்பிக்கலாம். ஷ்யாமளாவும் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் மண்டபம் வரை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. சாரதா டேப்லெட்டோடு போகிறாள். முதல் நாளே ரஞ்சித்குமாருக்கு மெசேஜ் அனுப்புகிறாள்: லேப்டாப் கொண்டுவர முடியவில்லை, மன்னிக்கவும். ஒரே நிமிஷத்தில் பதில். "நோ ப்ராப்ளம்ங்க! டேப்லெட்லயே நம்ம ஆபீஸ் டெஸ்க்டாப் ஓபன் ஆகும், லிங்க் அனுப்பறேன். ஒரு சின்ன கீபோர்டு மட்டும் வாங்கிக்கங்க." இந்தக் காலத்து டேப்லெட்டில் எல்லா வேலையும் செய்யலாம் என்பது கட்டுரைக்கு நல்ல செய்தி. என் கதையை அது கொன்றுவிட்டது.

முடிவு ஆ. அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துப் போகிறாள். கல்யாணத்தன்று அதைத் திறப்பதில்லை என்று முடிவு செய்கிறாள். ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து. வான்மதிக்குப் பூ வைத்துக்கொண்டே கை தானாக— போதும். இந்தக் கை எந்தப் பக்கம் போகும் என்று வெண்பாவுக்குக்கூடத் தெரியும்.

முடிவு இ. ஏர்லைன்காரர்கள் பையைத் தொலைத்துவிடுகிறார்கள். (எழுதிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு பெண் ஒரு வார்த்தை சொல்லத் தயங்குகிறாள் என்பதற்காக நான் ஒரு விமானக் கம்பெனியைப் பிடித்து வில்லனாக்குவதா?)

7

வெள்ளிக்கிழமை காலை, ஆபீஸ் கிளம்புமுன் வான்மதி வீடியோ காலில் வந்தாள். முப்பத்தெட்டு வயசு. இத்தனை வருஷம் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சிரித்தே பதில் சொன்னவள். கூரைப்புடவையைத் தோளில் போட்டுக் காட்டினாள். அரக்குக் கலர், ரொம்ப நன்றாக இருந்தது.

"அக்கா, என்னைக் கையைப் பிடிச்சு மேடைக்கு யாரு கூட்டிட்டு வருவாங்கன்னு கேட்டாங்க. நீதான்னு சொல்லிட்டேன்."

"ஆமா, நான்தான்டி."

"எதுக்கும் சித்தப்பா பொண்ணு ரெடியா இருக்கட்டும்னு அம்மா சொல்றாங்க. நான் வேண்டாம்னுட்டேன். உனக்கு ஏதாவது கால் வந்துட்டா போயிக்கோக்கா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். நான் தனியாவே நடந்து வந்துக்கறேன்."

கோபத்தோடு சொல்லவில்லை. யோசித்துத் தீர்மானம் பண்ணி வைத்திருந்ததைச் சாதாரணமாகச் சொன்னாள். சாரதா "சும்மா இருடி" என்று அதட்டிவிட்டு போனை வைத்தாள். வைத்ததும் அழுதாள். வெட்கமாக இருந்தது. ஏழு வருஷமாகத் தன்னை ஒருவரும் திட்டாமல் இருந்ததற்குக் காரணம் அவர்களுடைய பெருந்தன்மை என்றுதான் நினைத்திருந்தாள். அவர்கள் அவளை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

8

இப்போது சாப்பாட்டு மேஜையில் மூன்றும் இருக்கின்றன: அங்கிள் ஸ்டிக்கர் உரித்த லேப்டாப், ஆபீஸ் லேப்டாப், சேனாபதி ஒருவழியாக வாங்கியே விட்ட டேப்லெட். சாரதா மூன்றையும் தள்ளி வைத்துவிட்டு ரஞ்சித்குமாரின் நம்பரைத் தட்டினாள். இதை நான் சொல்லித் தரவில்லை. என் நோட்டில் இந்த இடத்தில் "ஏர்போர்ட், பெட்டி எடை, நகைச்சுவை" என்றுதான் குறித்து வைத்திருந்தேன்.

ஷ்யாமளா, கட்டுரையின் முடிவு இதுதான்: எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், டேப்லெட், லேப்டாப் இரண்டிலும் ஆஃப் பட்டன் இருக்கிறது.

கதையின் முடிவு என்னால் ஆகாது. சாரதா பேச வேண்டிய வாக்கியத்தைப் பதினேழு தடவை எழுதிப் பார்த்தேன். பதினேழும் "ஸாரி" என்றுதான் ஆரம்பித்தன. இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட மேனேஜரிடம் 'முடியாது' என்று சொன்னதில்லை. எனக்குப் பழக்கமில்லாத வாக்கியத்தை அவள் வாயில் எப்படி வைப்பேன்? அதனால் இதை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலோ சான் ஹோசேயிலோ டாலஸிலோ இருந்து படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் கொடுக்கிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு வாக்கியம் போதும். "ஸாரி" மட்டும் கூடாது.

சீக்கிரம். ரிங் போகிறது. எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க சாரதா."