சார்தான் ஓட்டினார்

கிளட்ச் அக்கா ஒரு வாரமாக வீட்டில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றால், அதற்குக் காரணம் கண்ணாடிக்கடைக்காரர்தான். கண்ணாடிக்கடைக்காரர் வேறு யாரும் இல்லை, அக்காவின் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடி விற்கிறவர். வருகிறவர் போகிறவர் கண்ணையெல்லாம் பரிசோதித்து நம்பர் சொல்கிற மனுஷருக்குத் தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று மட்டும் பிடிபடாது.

அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி நடத்துகிறார், பத்தொன்பது வருஷமாக. ஸ்கூட்டர், பைக், கார், ஆசைப்பட்டுக் கேட்டால் லாரிகூட. காலை ஆறு மணிக்கு மைதானத்துப் பக்கம் போனால், "கிளட்சை விடும்மா... மெதுவா... விடுன்னா மொத்தமா விடறதா?" என்ற குரல் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அலாரம் வைப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் மேல் ஆசை வந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றதாம். கரும்பச்சை நிறம், அறுநூற்றைம்பது சிசி, பாயப்போகிற பூனை மாதிரி முன்னால் குனிந்த உடம்பு. பச்சை விழுந்ததும் அது போனது. அக்கா போகவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் தான் யார், எங்கே இருக்கிறோம் என்பதே நினைவுக்கு வந்ததாம். கண்ணாடிக்கடைக்காரரிடம் சொன்னார். "வாங்கிக்கோயேன், யார் வேண்டாம்னா? ஆனா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு வாங்கு" என்றார் அவர். அதுவரைக்கும் நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்ப்பதில்தான் சிக்கல். அந்த ஷோரூமுக்கு நாலு கிளை. நாலுக்கும் சேர்த்து ஓட்டிப் பார்க்க ஒரே ஒரு வண்டி. இந்தக் கிளைக்கு ஒரே ஒரு சனிக்கிழமை வரும், பகல் ஒரு மணிக்கு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அடுத்த முறை மூன்று மாதம் கழித்து. ஓட்டிப் பார்க்காத வண்டியை வாங்காதே என்று பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர், தான் மட்டும் எப்படி வாங்குவார்? ஆக, அந்தச் சனிக்கிழமையை விட்டால் இல்லை.

பதினொன்றரைக்கே போய்விட்டார்கள். அக்கா ஸ்கூட்டரை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வண்டி வாங்கத் தேவையான காகிதங்கள் வைத்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஷோரூம் வாசலில் இடமில்லை. "நீங்க உள்ள போய் உட்காருங்க, நான் பின்பக்கம் நிறுத்திட்டு வரேன்" என்று அக்கா சொன்னதுதான் தப்பு. போய் வர ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். ஐந்து நிமிஷத்தில் அந்த மனுஷர் ஒரு புது வாழ்க்கையே ஆரம்பித்துவிட்டார்.

அக்கா உள்ளே வரும்போது அவர் கையில் ஜூஸ், எதிரில் டை கட்டிய ஒரு தம்பி.

"சார் எத்தனை வருஷமா பைக் ஓட்டறீங்க?"

"காலேஜ் நாள்லேருந்தே" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். காலேஜ் நாளில் அவர் ஓட்டியது தன் அண்ணனின் சைக்கிளை. அதிலும் இறங்குவதற்குச் சுவர் வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு அவரிடம் ஒரு லைசென்ஸ் உண்டு. அக்காவே சொல்லிக்கொடுத்து, ஆறாவது தடவை பாஸ் ஆகி, அன்றோடு வண்டியைத் தொடுவதை விட்டவர். அந்த லைசென்ஸைத்தான் தம்பி வாங்கி, போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மேடம் வாங்க, உட்காருங்க. சார் ஓட்டிட்டு வரட்டும். அப்புறம் உங்களையும் பின்னால வச்சு ஒரு ரவுண்டு. லேடீஸுக்குப் பின்சீட் வசதியா இருக்கான்னு நாங்க எப்பவும் காட்டிடுவோம்."

"தம்பி, வண்டி வாங்கப் போறது நான். ஓட்டப் போறதும் நான்."

தம்பி சிரித்தான். ஜோக்குக்குச் சிரிக்கிற மாதிரி. அக்காவுக்கு அதுகூடப் பரவாயில்லை. அவன் யாரோ எவனோ. அவன் சிரித்துவிட்டுக் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்க்க, அவரும் ஒரு சிரிப்பு சிரித்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"என்னங்க, சொல்லுங்க அவர்கிட்ட."

"சொல்லலாம், சொல்லலாம்" என்று அவர் ஜூஸைக் குடித்தார். "ஏற்கெனவே பேர் பதிஞ்சாச்சாம். நான் சும்மா ஒரு சின்ன ரவுண்டு..."

ஐம்பத்திரண்டு வயசு மனுஷர், முன்பின் தெரியாத ஒரு தம்பிக்கு முன்னால் 'எனக்கு ஓட்டத் தெரியாது' என்ற மூன்று வார்த்தை சொல்ல மாட்டாமல், இருநூறு கிலோ இரும்பில் ஏறி உட்காரத் துணிந்துவிட்டார். அதற்குள் தோல் ஜாக்கெட்டை மாட்டி, ஹெல்மெட்டையும் கவிழ்த்துவிட்டார்கள். மூக்குக்கண்ணாடி உள்ளே கோணிக்கொண்டு ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வண்டி முற்றத்தில் நின்றது. அக்கா எட்டு மாதமாகக் கனவில் பார்த்த அதே கரும்பச்சை. அதன் மேல் இவர்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்து கியர் போட்டதும் ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. இரண்டாவது தடவையும் அதே.

"சார், டச் விட்டுப் போச்சோ?" என்றான் தம்பி.

"கிளட்சை விடுங்க... மெதுவா..." அக்காவின் வாய் தானாகப் பேசியது. தொழில் புத்தி. "விடுன்னா மொத்தமா விடறதா?"

மூன்றாவது குதியில் வண்டி இடது பக்கம் சாய ஆரம்பித்தது. அக்கா பாய்ந்து பின்பக்கம் பிடிக்க, தம்பி ஹேண்டில்பாரைப் பிடிக்க, வண்டி பிழைத்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்: "கொஞ்சம் சும்மா இரு, மானம் போகுது."

"யார் மானம்? இறங்குங்க முதல்ல!" என்றார் அக்கா. பிறகு முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, மைதானத்துக் குரலில்: "இவருக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. ஒரு நாளும் ஓட்டினது இல்லை. இந்தாங்க என் லைசென்ஸ். லாரி வரைக்கும் இருக்கு, படிச்சுப் பாருங்க. போட்டோவை மட்டும் பார்க்காதீங்க."

மேனேஜர் வந்தார். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். ஒருவர் பேரில் பதிந்ததை மாற்ற வேண்டுமானால் பழையதை ரத்து செய்து தலைமை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம், அரை மணி நேரமாவது ஆகுமாம். "எதுக்கு மேடம் அவ்வளவு சிரமம்? ஒரே குடும்பம்தானே. பேர் சார் பேரா இருந்துட்டுப் போகட்டும், நீங்க ஓட்டுங்க. பின்னால நம்ம பையன் உட்காருவான், பாதுகாப்புக்கு."

"என் பாதுகாப்புக்கா, வண்டி பாதுகாப்புக்கா?"

மேனேஜர் அதற்கும் மரியாதையாகச் சிரித்தார். மணி பன்னிரண்டு இருபது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஹெல்மெட்டை வாங்கினார்.

வெளிச்சாலை வரைக்கும் வண்டியை ஒரு புது மாணவியைப் போலத்தான் நடத்தினார். எங்கே மிரளும், எங்கே கேட்கும் என்று விரல் நுனியில் பார்த்துக்கொண்டே போனார். முற்றத்தில் குதித்துக் குதித்து நின்ற அந்த வண்டி, கிளட்சைப் பதமாக விட்டதும் எண்ணெயில் வழுக்குகிற மாதிரி நகர்ந்தது. வெளிச்சாலையில் ஆள் இல்லை. மூன்றாம் கியரில் கொஞ்சம்தான் முறுக்கினார். அவ்வளவுதான். சாலையோரத்து மரங்களெல்லாம் ஒரே சுவராக ஒட்டிக்கொண்டன. கை, முதுகு, பல் எல்லாவற்றிலும் அந்த இஞ்சின் பேசியது. பத்தொன்பது வருஷமாக 'மெதுவா, மெதுவா' என்று மட்டுமே சொன்ன வாய், ஹெல்மெட்டுக்குள் 'ஹே!' என்று கத்தியது. சத்தியமாக அக்காவே எதிர்பார்க்கவில்லை.

"மேடம், இங்க திரும்பணும்" என்றான் பின்னாலிருந்து தம்பி.

"ஓட்டறவங்ககிட்டப் பேச்சுக் கொடுக்கக் கூடாது தம்பி" என்று அடுத்த திருப்பம்வரை போய்த்தான் திரும்பினார்.

முற்றத்துக்குள் வந்து நிறுத்தியபோது முகமெல்லாம் சிரிப்பு. எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தாராம். இறங்கிய தம்பி நேராகக் கண்ணாடிக்கடைக்காரரிடம் போய், "சார், மேடம் சூப்பரா ஓட்டறாங்க சார்" என்றான். சரி, அதையும் விடு.

ஆனால் கண்ணாடிக்கடைக்காரர் இன்னும் அந்த ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஷோரூமுக்குள் சுவரில் 'எங்கள் புயல்கள்' என்று ஒரு பலகை. அதில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களின் போட்டோக்கள். ஒரு பெண் அப்போதுதான் பிரிண்டான ஒரு போட்டோவை அதில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சை நிமிர்த்தி, ஒற்றைப் புருவத்தை உயர்த்தி, கண்ணாடிக்கடைக்காரர்.

"வேண்டாம்னுதான் சொன்னேன். அவங்க கேட்டாங்க" என்றார் அவர். ஆனால் முடியைச் சீவியிருந்தார்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் பயமில்லை என்று பிறகு கண்ணாடிக்கடைக்காரரே ஒப்புக்கொண்டார். அக்கா மேஜைக்குப் போய்த் தம்பியிடம் கேட்டார்:

"இந்த வண்டியை இன்னிக்கு யார் ஓட்டினாங்கன்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு?"

"அது... சார்தான் மேடம்."

"எப்படி ஓட்டினாராம்?"

தம்பி திரையைப் பார்த்தான். "மிக நன்றுன்னு போட்டிருக்கு மேடம். சார்தான் டிக் பண்ணினார்."

"அப்போ நான் இன்னும் ஓட்டலை" என்றார் அக்கா. "என் பேர்ல புதுசா ஒண்ணு போடுங்க. சாவியைக் கொடுங்க."

மேனேஜர் ஓடி வந்தார். லாரி வந்துவிடும், நேரமில்லை, மேடம் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். அக்கா வெளியே போய் வண்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "அரை மணி நேரம்னீங்க. உட்கார்ந்திருக்கேன். நான் இறங்கினாத்தானே லாரியில ஏத்துவீங்க?"

லாரி வந்தது. டிரைவர் இறங்கி, வண்டி மேல் ஓர் அம்மா கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நிழலில் போய் நின்றுகொண்டார். அனுபவஸ்தர்.

பழையதை ரத்து செய்ய, கையெழுத்துப் போட்டவரே காரணம் எழுதித் தர வேண்டுமாம். கண்ணாடிக்கடைக்காரர் வெள்ளைத்தாளும் பேனாவுமாக வண்டியருகே வந்து நின்றார்.

"உடம்பு சரியில்லைன்னு எழுதட்டுமா?"

"எந்த இடத்துல சரியில்லைன்னும் சேர்த்து எழுதுங்க."

"ஏம்மா, இத்தனை பேர் பார்க்கிறாங்க..."

"காலேஜ் நாள்லேருந்தேன்னு சொன்னப்போ பார்த்தாங்களே, அப்போ இனிச்சுதா? உங்க கடைக்கு வந்து நான் ஒருத்திக்கு நம்பர் எழுதிக் கொடுத்துட்டு, போட்டோ எடுத்து மாட்டிக்கிட்டா சும்மா இருப்பீங்களா?"

அவர் தாளைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்து எழுதினார்: 'எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. நான் ஓட்டவில்லை. ஓட்டியது என் மனைவி.' அக்கா படித்துப் பார்த்து, "தேதி" என்றார். தேதி போட்டார்.

அனுமதி வந்தபோது மணி ஒன்று இருபது. தம்பி ஹெல்மெட்டோடு பின்னால் ஏற வந்தான். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவன் மேனேஜரைப் பார்க்க, மேனேஜர் லாரியைப் பார்த்தார். பின்சீட் காலியாகவே இருந்தது.

வண்டி வாசலைத் தாண்டும்போது, "எப்ப வருவே?" என்று பின்னாலிருந்து கத்தினார் கண்ணாடிக்கடைக்காரர்.

ஹெல்மெட் போட்டிருந்ததால் காதில் விழவில்லை என்று அக்கா சொல்கிறார். விழுந்ததுதான்.