பேட்சில் எழுதுகிறவள்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் ரயிலில் நின்றுகொண்டே வந்து நின்றுகொண்டே திரும்புகிற இசைவாணிக்கு, அன்று சாயங்காலம் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது போலிருந்தது. பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துவது போதாதென்று, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்குத் தனி வகுப்பும் அவள் தலையில்தான். "உங்க ஆளுங்களுக்கு நீங்கதான மேடம் செய்யணும்" என்று சிரிக்க மட்டும் நாலு பேர் இருந்தார்கள். கூட வந்து கை கொடுக்க ஒருத்தர் இல்லை.

குமராட்சியிலிருந்து வருகிற அமிர்தம் அந்தத் தனி வகுப்புப் பெண். மூன்றாம் வருடம் எலெக்ட்ரிகல். தியரியில் படு கெட்டி. மறுநாள் மோட்டார் லேப் பரீட்சை. அதில் ஃபெயிலானால் அரியர். அரியர் இருந்தால் அடுத்த மாதம் வருகிற கம்பெனி இன்டர்வியூவில் உட்காரவே விடமாட்டார்கள். அப்பேர்ப்பட்ட நேரம் பார்த்து வாயைத் திறந்தாள் மகராசி.

"மேடம், எனக்கு கனெக்‌ஷன் குடுக்கத் தெரியாது."

"என்னாடி சொல்ற? இத்தினி நாளா லேபுல என்ன பண்ண?"

"எழுதுனேன் மேடம்."

லேபில் நாலு பேர் ஒரு பேட்ச். சார் கேட்டதும் இங்கிலீஷில் சட்டென்று பதில் சொன்ன ராஜ்கமல் முதல் நாளே ஒயரைக் கையில் எடுத்தான். அமிர்தத்தின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவளிடம் பேனாவைக் கொடுத்தார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மீட்டர் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அவளும் ஒயரைக் கேட்கவில்லை. அவன் ரீடிங் சொல்லச் சொல்ல எழுதியே காலம் ஓடிவிட்டது. அடக் கடவுளே, இது ஒருத்தர் கண்ணிலும் படவில்லையே!

இசைவாணி அவளை அப்போதே லேபுக்கு இழுத்துப் போனாள். லேப் அட்டெண்டர் சாமிக்கண்ணு முனகிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். அமிர்தம் ஒயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போனது. அவள் சுவரோரம் ஒதுங்கிவிட்டாள்.

"எனக்கு வராது மேடம்."

"நாளைக்கி யாருடி வந்து உனக்கு கனெக்‌ஷன் குடுப்பா? புடி ஒயர!"

கத்துவதற்குத் தெம்பில்லை இசைவாணிக்கு. ஆனாலும் கத்தினாள்.

மறுநாள் பரீட்சை முடியும்வரை இசைவாணி லேப் வராந்தாவில் கால் கடுக்க நின்றாள். கடைசி ஆளாக அமிர்தம் வெளியே வந்தாள்.

"மோட்டார் ஓடிச்சு மேடம். நானேதான் ஓட்டுனேன்."

"ரீடிங்?"

"கனெக்‌ஷனுக்கே நேரம் ஆயிடிச்சு. ரீடிங் இல்லாம பாஸ் போட முடியாதுன்னு வெளியிலேர்ந்து வந்த சார் சொல்லிட்டாரு."

ஆக, கம்பெனி போயிற்று.

அமிர்தம் அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது கோபம்.

"மொத வருசத்துக்கு லேப் எப்ப மேடம்? எந்தெந்தப் புள்ள கையில பேனா இருக்குதுன்னு நான் வந்து பாக்கணும்."