கதவு டாக்டர்

ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்திருக்கும் பெயர் கதவு டாக்டர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வது காதில் விழுந்தாலும் விழாத மாதிரி போய்விடுவேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பிரசவ அறைக் கதவைத் திறக்க வைத்தவள் நான். அதற்கு முன்பெல்லாம் வலி வந்த பெண்ணை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால், குழந்தையோடு வெளியே வரும்வரை சொந்த முகம் ஒன்று அவள் கண்ணில் படாது. உள்ளே நடப்பதற்குச் சாட்சி கிடையாது. கத்தினால் தொடையில் அறை விழும். "படுக்கும்போது இனிச்சுது, இப்ப மட்டும் கத்தறியா?" என்பது அங்கே தாலாட்டு மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் இயக்குநர் அம்மியைவிடக் கனம். மேடையேறிப் பேசினேன், பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வந்தேன், அறை வாங்கிய பெண்களையே அழைத்துக்கொண்டு போய் அவருடைய மெத்தை நாற்காலிகளில் உட்கார வைத்தேன்.

"கிருமி வரும், கூட்டம் வரும், கேஸ் வரும்" என்று பயந்தார்.

"எல்லாம் வரட்டும் சார். முதல்ல மனுஷங்க வரட்டும்" என்றேன்.

கடைசியில் இறங்கி வந்தார். வாசலில் பலகை மாட்டினோம். வாசகம் என்னுடையது: "பிரசவத்திலும் அறுவை சிகிச்சையிலும் தாயுடன் குடும்பப் பெண் ஒருவர் கடைசித் தையல் வரை உடனிருக்கலாம்." எந்தப் பெண், அதை யார் முடிவு செய்வது என்று எழுதவில்லை. கூட இருப்பவர் என்றால் வேண்டியவராகத்தான் இருப்பார் என்று நினைத்துவிட்டேன். விடுதியிலேயே வளர்ந்தவள் நான், குடும்பம் என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தையல்காரி ஒருத்தி என்னிடம் வந்தது பலகை மாட்டிய பிறகு. ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். ஏற்கெனவே இரண்டு சிசேரியன், வயிற்றில் மூன்றாவது. போன பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் பிழைத்ததே பெரிய விஷயம். ஸ்கேனில் பழைய தழும்பு காகிதம் போல் மெலிந்திருந்தது. இன்னொரு கர்ப்பம் வந்தால் கர்ப்பப்பை கிழியும், உன்னைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாமல் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

"அதே இடத்துல மூணு தடவ பிரிச்சுத் தைச்சா துணி நிக்காது டாக்டர், எனக்கே தெரியும்" என்றாள். "இந்தத் தடவ தைக்கும்போதே குழாயையும் கட்டிடுங்க. வீட்ல தெரிய வேணாம்."

"உன் வீட்டுக்காரருக்குப் பண்ணலாமே. சின்ன வேலை."

"பல்லு புடுங்கறதுக்கே அழுதவரு அவரு. நீங்க வேற."

இருவரும் சிரித்தோம். கருத்தடை மாத்திரை, ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் வளையம் எல்லாம் பேசிப் பார்த்தேன். வளையம் முன்பே ஒருமுறை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை கண்ணில் படும், ஊசிக்கு வந்து போக வேண்டும், எங்கே போனாய் என்று கேள்வி வரும். வயிறு திறந்திருக்கும்போதே முடித்துவிட்டால் தனித் தழும்பு கிடையாது, கேள்வியும் கிடையாது. அவளுடைய உடம்பு, அவளுடைய கையெழுத்து, சட்டத்தில் வேறு யாரும் தேவையில்லை.

"உள்ள யாரு வருவாங்க?" என்று கேட்டேன்.

"அக்கா. அவளுக்கு எல்லாம் தெரியும்."

ஆபரேஷன் அன்று காலை நான் கை கழுவி, கவுன் மாட்டி உள்ளே வந்தபோது முதுகில் ஊசி போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், ஆள் முழித்தே இருப்பாள். நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம், தலைமாட்டு ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். தொப்பி, முகமூடி, தொளதொள அங்கி. ஆபரேஷன் தியேட்டரில் எல்லோருமே வெறும் இரண்டு கண்தான். அக்கா என்று நினைத்துத் தலையசைத்தேன். அந்தக் கண்களும் மரியாதையாகத் தலையசைத்தன.

கத்தி வைக்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், யாருக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதை நர்ஸ் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆள் மாறாமல் இருக்க அந்தப் பழக்கத்தையும் இங்கே கொண்டு வந்தவள் நான்தான். நர்ஸ் என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க சிஸ்டர்" என்றேன்.

அவள் நோயாளியின் பெயரையும் வயதையும் சொன்னாள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற குரலில், "சிசேரியன். கூடவே நிரந்தரக் கருத்தடை" என்றாள்.

ஸ்டூலில் இருந்த பெண் நிமிர்ந்தாள். "யாருக்குக் கருத்தடை?"

வயதான குரல். அக்காவாக இருக்க முடியாது.

"அத்தை..." என்றாள் தையல்காரி.

வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "ஒரு ஆள் உள்ள வரலாம்" என்று வாசலில் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா எழுந்திருக்கிறாள், மாமியாரும் எழுந்திருக்கிறார். பெரியவர் எழுந்தால் சின்னவள் உட்கார வேண்டியதுதானே. அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பா எழுதியிருப்பாங்க அத்தை. நான் கேக்கல" என்றாள் தையல்காரி, திரைக்கு அந்தப் பக்கம்.

குழந்தையின் இதயத் துடிப்பு இறங்க ஆரம்பித்திருந்தது. பேச நேரமில்லை, அறுத்தேன். தழும்புக்கு அடியில் குழந்தையின் தலைமுடி கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல் தெரிந்தது. அவ்வளவு மெலிசு. குழந்தையை எடுத்ததும் வீறிட்டு அழுதது. மாமியாரும் அழுதார். குனிந்து மருமகளின் நெற்றியில் முத்தம் கொடுத்து, அவள் கண்ணீரைத் தன் அங்கியால் துடைத்து, "முடிஞ்சுதுடா கண்ணு, முடிஞ்சுது" என்றார். எந்த மேடையில் எந்தத் துணையைப் பற்றி நான் தொண்டை கிழியப் பேசினேனோ, அந்தத் துணை அச்சு அசலாக என் முன்னால் இருந்தது.

"அம்மா, நீங்க குழந்தையோட சிஸ்டர்கூடப் போங்க" என்றேன்.

"அவள தனியா விட்டுட்டா? கடைசித் தையல் வரைக்கும் இருக்கலாம்னு போர்டுல எழுதியிருக்கே டாக்டரம்மா. என்னை இதே ஆஸ்பத்திரில தனியா விட்டு அறைஞ்சாங்க. இவளுக்கு அப்படி ஆகக் கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நானும் ரெண்டோட நிறுத்தினவதான். அதுல ஒண்ணு போயிடுச்சு. அதுக்கப்புறம் வேணும்னு அழுதா வருமா? அதான் வேணாங்கறேன். அவ நல்லதுக்குத்தான்."

கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். திட்டி வெளியே அனுப்பியிருப்பேன்.

கர்ப்பப்பையைத் தைத்து முடித்தேன். கருக்குழாய் என் விரல் நுனியில் இருந்தது. திரை உயரம், அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு முடிச்சு, ஒரு வெட்டு. மயக்க மருந்து டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, தன் கருவியில் ஏதோ சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார். நான் பார்க்கவில்லை, நீ செய்துகொள் என்று அர்த்தம்.

திரைக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். "என்னைப் பாரும்மா. நீ என்ன சொல்றியோ அதான் கடைசி. பண்ணட்டுமா, வேணாமா?"

அவள் என்னைத்தான் பார்த்தாள். அவள் கை மாமியாரின் இரண்டு கைகளுக்குள் இருந்தது. அந்தக் கண்கள் கேட்டதை நான் உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது. வாய் மட்டும், "வேணாம் டாக்டர்" என்றது.

பெண்ணிடம் கேட்காமலே குழாயைக் கட்டிய டாக்டர்களை விசாரணைக்கு இழுத்தவள் நான். அவளுக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியும் என்று அவர்களும்தான் சொன்னார்கள். பெண் சொல்வதே கடைசி வார்த்தை என்று ஊரெல்லாம் முழங்கியதும் இதே வாய். குழாயை விட்டுவிட்டு வயிற்றை மூடினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று அன்று புரிந்தது. முகமூடிக்குள் அழுதேன். அதற்காவது முகமூடி உதவியது.

மறுநாள் வார்டுக்குப் போனபோது மாமியார் துணி அலசப் போயிருந்தார். தையல்காரி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்மேல் தப்பு என்றேன்.

"போர்டை மாத்தறேன். இனிமே யாரு கூட வரணும்னு அந்தப் பொண்ணுகிட்டதான் கேக்கணும், வேற யார்கிட்டயும் கேக்கக் கூடாதுன்னு எழுத வைக்கறேன்."

அவள் தையல் வலிக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேட்டா நான் அத்தை பேரைத்தான் சொல்வேன் டாக்டர். சொல்லலைன்னா திரும்பி எந்த வீட்டுக்குப் போறது?" குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டாள். "போன தடவ உள்ள அறைஞ்சாங்கதான். ஆனா வீடு உள்ள வரல."

அதற்குள் மாமியார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவரை உட்கார வைத்துப் படம் போட்டு விளக்கினேன். தழும்பு எவ்வளவு மெலிசு, இன்னொன்று வந்தால் எங்கே கிழியும், எவ்வளவு சீக்கிரம் உயிர் போகும், எல்லாம். அவர் கவனமாகக் கேட்டார். நடுவில் மருமகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"போன தடவையும் இதைத்தான் சொன்னாங்க டாக்டரம்மா. நல்லாத்தானே இருக்கா?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கதவத் தொறந்துவிட்ட மகராசி நீங்க. அடுத்ததுக்கும் உங்ககிட்டதான் கூட்டிட்டு வருவேன். நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன பயம்?"

அவர் தோளுக்குப் பின்னால் தையல்காரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நேற்று பார்த்த மாதிரியே.